காடிக்குள் உறுமி: ஒட்டுகிற ஷீட் எந்தச் சத்தத்தை அடக்கும்?

தம்பியின் வீரா காடியில் (எங்கள் மலேசியத் தமிழில் காடி என்றால் கார்) பின் சீட்டில் உட்கார்ந்து ஈப்போ போய்வந்தால், அன்று இரவு அம்மாவுக்குத் தலைவலி மாத்திரை வேண்டும். "காதுக்குள்ள யாரோ உறுமி அடிக்கிற மாதிரி இருக்குடா" என்பார். தம்பிக்குப் புரியாது. "எனக்கு ஒண்ணும் கேட்கலையேம்மா, நல்லாத்தானே ஓடுது?" என்பான். இருவரும் பொய் சொல்லவில்லை. அது எப்படி என்பதற்குப் பிறகு வருகிறேன்.

புரோட்டான் வீரா 1993-இல் வந்த காடி. தம்பியுடையது அதற்குச் சில ஆண்டுகள் இளையது, மூன்றாம் கை. சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊர்களில் பையன்களின் முதல் காடி பெரும்பாலும் இப்படித்தான் அமையும்: பழைய சாகா, வீரா, கஞ்சில், இல்லையென்றால் அண்ணன் ஓட்டிக் கொடுத்த மைவி. உதிரிப் பொருள் எளிதில் கிடைக்கும், ஊருக்குள்ளேயே கைவைக்கத் தெரிந்த போர்மேன் (மெக்கானிக்) இருப்பார், மாற்றிப் பார்க்க மனமும் இருக்கும். தம்பி 1.8 லிட்டர் எஞ்சின் போட்டான். அதை ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்துத் துறையில் பதிந்தும்விட்டான், அந்த மட்டில் நிம்மதி. பிறகு எக்ஸாஸ்ட் குழாயைப் பெரிதாக்கினான். நடுவில் இருந்த சைலன்சர் போனது. குலுக்கலைத் தாங்கும் அப்சோபர் இறுகியது, சக்கரத்தைத் தாங்கும் கைகளின் மூட்டுகளில் மெத்தையாக இருக்கும் ரப்பர் புஷ் எல்லாம் கெட்டியான பாலியூரித்தேன் ஆனது, ரிம் பெரிதானது, டயரின் பக்கச் சுவர் விரல் அகலத்துக்கு மெலிந்தது. எடை குறையட்டும் என்று தரைக் கம்பளத்துக்கு அடியில் இருந்த பஞ்சையும் பிடுங்கிப் போட்டான்.

சத்தம் தாங்கவில்லை என்று அவனுக்கே தோன்றிய ஒரு மாதம், சம்பளம் வந்ததும் அதிர்வை அடக்க ஒட்டும், அலுமினியம் பளபளக்கும் டாம்பிங் ஷீட்டை மூன்று பெட்டி வாங்கி வந்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, போர்ச்சில் சீட்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு, தரை முழுக்க, கதவு முழுக்க, இடுக்கு விடாமல் ஒட்டினான். வேலை அழகு. கதவைச் சாத்தினால் 'டங்' போய் 'டப்' என்று விலையுயர்ந்த காடிச் சத்தம். நண்பர்கள் நாலு பேர் வந்து திறந்து திறந்து சாத்திப் பார்த்தார்கள். அடுத்த வாரம் அம்மா ஈப்போ போய்வந்தார். மாத்திரை கேட்டார்.

இந்த இடத்தில்தான் பலர் "ஷீட் எல்லாம் ஏமாற்று" என்று முடிவு கட்டுகிறார்கள். ஏமாற்று இல்லை. அந்த ஷீட் தன் வேலையைச் செய்தது. அதன் வேலை என்ன என்பதில்தான் குழப்பம்.

தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்தவர்களுக்குத் தகரக் கூரை மழை நினைவிருக்கும். ரேடியோவை எவ்வளவு வைத்தாலும் கேட்காது. மழைத்துளிக்கு அவ்வளவு பலம் ஏது? சத்தம் போடுவது தகரம். துளி அதைத் தட்டிவிடுகிறது, அது தோல் வாத்தியம் போல நெடுநேரம் அதிர்கிறது. காடியின் தரை, கதவு, கூரை எல்லாம் அதே தகரம்தான். கதவுத் தகடு பொதுவாக ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. எஞ்சினிலிருந்தும் சக்கரங்களிலிருந்தும் சட்டம் வழியாக வரும் நடுக்கம் இந்தத் தகடுகளை எல்லாம் தட்டிக்கொண்டே இருக்கிறது.

டாம்பிங் ஷீட் அந்த அதிர்வின் மேல் வைக்கும் கை. உறுமிக்காரர் அடித்தவுடன் தோலில் உள்ளங்கையை அழுத்தினால் நாதம் சட்டென்று செத்துப்போகும் அல்லவா, அதேதான். ஷீட்டில் இரண்டு அடுக்கு: கீழே பசைபோன்ற பியூட்டைல் ரப்பர், மேலே அலுமினியத் தாள். தகடு வளையும்போது அதோடு ரப்பரும் வளையப் பார்க்கிறது. மேலே இருக்கும் அலுமினியம் விட்டுக்கொடுப்பதில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர் இழுபட்டு இழுபட்டு, அதிர்வின் ஆற்றலை மிகச் சிறிய அளவு வெப்பமாக மாற்றிவிடுகிறது. அலுமினியம் அழகுக்கு இல்லை. மெல்லிய காகிதம் போன்ற அலுமினியம் உள்ள மலிவு ஷீட்டில் பாதி பலன்கூட வராததற்குக் காரணம் அதுதான்.

இங்கே எங்கள் ஊருக்கே உரிய ஒரு வேடிக்கை உண்டு. பக்கத்தில் கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் கன்றுகள் ஒன்பது. அதில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அந்த வழியில் வந்த மரங்களைச் சீவித்தான் எங்கள் பாட்டிமார்கள் வாழ்ந்தார்கள். ஆனால் அந்தப் பாலில் செய்த ரப்பர் இந்த வேலைக்கு அவ்வளவாக உதவாது. இயற்கை ரப்பர் துள்ளும், வாங்கிய ஆற்றலைப் பெரும்பகுதி அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். பியூட்டைல் பெட்ரோலியத்திலிருந்து வருவது, 1937-இல் அமெரிக்காவில் உருவானது. அதை உருட்டித் தரையில் போட்டால் பொத்தென்று கிடக்கும். வாங்கியதைத் திருப்பித் தராத அந்தக் குணம்தான் இங்கே தேவை. காற்று விடாது என்பதால் டயர் டியூப்பும் இதில்தான் செய்கிறார்கள்.

தகட்டின் அதிர்வை நிறுத்த அதை முழுக்க மூட வேண்டியதில்லை. உறுமித் தோல் முழுவதையும் யாரும் பொத்துவதில்லையே. ஒரு பெரிய தட்டையான தகட்டின் நடுவில், கால்வாசிப் பரப்புக்கு ஒழுங்காக ஒட்டினாலே பலனில் பெரும்பங்கு கிடைத்துவிடும். அதற்கு மேல் ஒட்ட ஒட்டப் பணம்தான் கூடும். சோதனை சுலபம்: விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், பலாப்பழம் பார்க்கிற மாதிரி. 'டங்ங்' என்று இழுத்தால் ஷீட் வேண்டும். 'தட்' என்று நின்றால் அடுத்த இடத்துக்குப் போகலாம். சட்டமாக மடித்த ஓரங்கள், குழாய் போன்ற தூண்கள் எல்லாம் ஏற்கெனவே 'தட்' என்றுதான் சொல்லும், அங்கே ஒட்டுவது வீண். தம்பியின் மூன்று பெட்டியில் ஒன்றரைப் பெட்டி அப்படித்தான் போனது.

ஒட்டுகிற கையும் முக்கியம். முதலில் தகட்டை எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைக்க வேண்டும். பிறகு ஷீட்டை ஒட்டி, சிறிய ரோலரால் அதன் மேலிருக்கும் சதுரப் பதிவுகள் மறையும்வரை தேய்க்க வேண்டும். தோட்டத்தில் மங்கிள் என்கிற உருளை இயந்திரத்தில் ரப்பர் பால் ஷீட் போட்டவர்களிடம் இந்த வேலையைக் கொடுத்தால் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது. அடியில் காற்று நின்றால் அந்த இடத்தில் ஷீட் இருந்தும் இல்லை.

சரி, அதிர்வு நின்றது. சத்தம் ஏன் நிற்கவில்லை?

காடிக்குள் வரும் சத்தத்துக்கு இரண்டு வழி. ஒன்று மேலே சொன்னது, சட்டம் வழியாக நடுக்கமாக வந்து தகட்டைத் தட்டி எழுப்புவது. தாழ்ந்த சுருதிச் சத்தங்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. இன்னொன்று காற்று வழியாக நேரே வருவது: டயரின் இரைச்சல், கண்ணாடி ஓரத்துக் காற்று, பக்கத்து லோரி. இரண்டாவதைத் தடுக்க எடை வேண்டும், அடைப்பு வேண்டும். ஒட்டும் ஷீட்டில் எடை உண்டுதான், ஆனால் எவ்வளவு? 0.8 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 6 கிலோவுக்குச் சற்று மேல். 2 மில்லிமீட்டர் பியூட்டைல் சுமார் 3 கிலோ. தடுப்பின் எடை இரட்டிப்பானால்தான் 6 டெசிபெல் குறையும் என்பது விதி. எடை பாதியளவு மட்டும் கூடினால் 3 டெசிபெல்லைச் சுற்றி. அது காதுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு. சத்தம் பாதியானது போல உணர வேண்டுமானால் சுமார் 10 டெசிபெல் குறைய வேண்டும்.

அதனால்தான் இந்த வேலையை நன்றாகத் தெரிந்தவர்கள் ஷீட்டோடு நிறுத்துவதில்லை. அதன்மேல் நீர் குடிக்காத மூடிய துளை ஃபோம், அதற்கும் மேல் சதுர மீட்டருக்கு 5 கிலோ எடையுள்ள கனமான வினைல் விரிப்பு. ஃபோம் நடுவில் மெத்தையாக இருப்பதால் தகட்டின் நடுக்கம் வினைலுக்குப் போவதில்லை, வினைல் தனிச் சுவராக நிற்கிறது. ஃபோமை மட்டும் ஒட்டிவிட்டு "சவுண்ட் புரூஃப்" என்று சொல்பவர்களும் உண்டு. ஒலியை உறிஞ்சுகிற பொருளுக்குத் தடிமன் வேண்டும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 34 சென்டிமீட்டர், அதில் கால்பங்காவது தடிமன் இருந்தால்தான் நன்றாக உறிஞ்சும். 1 சென்டிமீட்டர் ஃபோமுக்கு எட்டுவது கீச்சுச் சத்தங்கள் மட்டும்தான்.

இதை எல்லாம் செய்துவிட்டு, மீட்டருக்கு வயர் இழுத்த ஓட்டையை அப்படியே விட்டுவைத்தால்? மாற்றம் செய்த காடிகளில் நான் அதிகம் பார்க்கும் குறை இதுதான். ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்று, எண்ணெய் அழுத்த மீட்டருக்கு ஒன்று என்று எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தடுப்பில் துளை போட்டிருப்பார்கள், ரப்பர் வளையம் இருக்காது. ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், அந்தச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபெல்லுக்கு மேல் தடுக்காது. கதவு ரப்பரும் அப்படியே. இருபது வருட வெயிலில் தட்டையாகப் போன ரப்பரைக் கண்டுபிடிக்கக் கடை ரசீது ஒன்று போதும். கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள், தடையில்லாமல் வந்தால் அங்கே காற்றும் வருகிறது. கதவு ரப்பரின் விலை ஒரு பெட்டி ஷீட்டை விடக் குறைவாகவே வரும், பலன் பல நேரம் அதிகம்.

இனி அம்மாவின் உறுமி.

நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிப்பு. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழன்றால் விநாடிக்கு 50 சுற்று, 100 வெடிப்பு. அதாவது எக்ஸாஸ்ட்டிலிருந்து 100 ஹெர்ட்ஸ் துடிப்பு. நடு சைலன்சரை எடுத்துவிட்டால் இந்தத் துடிப்பைச் சமாதானப்படுத்த ஆளில்லை. இப்போது கேபினைப் பாருங்கள். முன் தடுப்பிலிருந்து பின் கண்ணாடிவரை சுமார் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கும் ஒரு சொந்தச் சுருதி உண்டு. 2 மீட்டருக்கு அது 86 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். எஞ்சின் 2,600 சுற்றைத் தொடும்போது வெடிப்பின் சுருதியும் பெட்டியின் சுருதியும் கைகோத்துக்கொள்கின்றன. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து உறுமியை முனகவைப்பது போல, எஞ்சின் கேபின் காற்றை முனகவைக்கிறது. நெடுஞ்சாலை வேகத்தில் இந்த மாதிரி காடிகள் பெரும்பாலும் 2,500-க்கும் 3,500-க்கும் நடுவில்தான் சுழல்கின்றன. ஈப்போ வரைக்கும் அந்த 'ஊம்ம்ம்' விடாமல் கூட வரும்.

இந்த வகை ஒலியில் அழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. பெட்டியின் இரண்டு முனைகளில் அதிகம், நடுவில் மிகக் குறைவு. ஓட்டுபவரின் தலை எங்கே? ஏறத்தாழ நடுவில். பின் சீட்டில் சாய்ந்திருப்பவரின் தலை எங்கே? பின் கண்ணாடியை ஒட்டி. இது எனக்குப் புரிந்த நாளில் தம்பியைப் பின்னால் உட்காரவைத்து நான் ஓட்டினேன். கோலகங்சாரில் நெடுஞ்சாலை ஏறி மெனோரா சுரங்கம் வருவதற்குள் "அண்ணே, கண்ணாடியக் கொஞ்சம் இறக்கு" என்றான். இறக்கியதும் முனகல் பாதியானது, பெட்டிதான் திறந்துவிட்டதே.

100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டர் இருக்கும், காடியின் உட்புறத்தை விடப் பெரிது. அதன் முன் எந்த ஃபோமும் கொசுவலைதான். ஒட்டிய ஷீட் தரையின் நடுக்கத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. போன் செயலியில் அளந்து பார்த்தவர்களுக்கு இதில் இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. அவை பெரும்பாலும் காது கேட்கிற விதத்துக்கு ஏற்ப, தாழ்ந்த சுருதியைக் கழித்துத்தான் எண் காட்டும். எண் நன்றாக இருக்கும், தலை வலிக்கும்.

இதற்கு மருந்து காடிக்கு அடியில். நடு சைலன்சரைத் திரும்பப் போடுவது முதல் வழி. போன பவரைத் தேடினால் ஊர்ச் சாலையில் யாருக்கும் தெரியாது. இன்னொரு வழி, ஒரு முனை அடைத்த கிளைக் குழாயை எக்ஸாஸ்ட்டில் பற்றவைப்பது. அலைநீளத்தில் கால்பங்கு நீளத்தில் அது இருந்தால், உள்ளே போய்த் திரும்பும் துடிப்பு வரும் துடிப்பை எதிர்த்து அழித்துவிடும். சூடான புகையில் ஒலி வேகமாகப் போவதால் நீளம் ஒரு மீட்டருக்கு மேல் வரும். வீராவுக்கு அடியில் அதை மடித்து நுழைக்க நல்ல வெல்டர் வேண்டும். அதோடு, அந்த ஒரு சுருதிக்கு மட்டும்தான் அது கேட்கும். வெளியே போகும் சத்தத்துக்கும் சட்டம் உண்டு என்பதை மறக்கக்கூடாது. மோட்டார் வாகனச் சத்தத்துக்கான சுற்றுச்சூழல் விதிமுறைகள் 1987 முதல் இருக்கின்றன. சம்மன் வாங்கியவன் சைலன்சர் விலையைப் பற்றிப் பிறகு பேசமாட்டான்.

டெசிபெல் கணக்கும் விசித்திரமானது. 70 டெசிபெல் சத்தமும் 60 டெசிபெல் சத்தமும் சேர்ந்தால் 70.4. நீங்கள் பாடுபட்டு அந்த 60-ஐ முழுவதும் ஒழித்தாலும் மிஞ்சுவது 70. காதுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. தம்பி செய்தது இதைத்தான். உறுமி முழங்கிக்கொண்டிருக்கும்போது தாளத்தை நிறுத்தினான். எது பெரிய சத்தம் என்று முதலில் பிரித்தறிய வேண்டும். அதற்குக் காசு செலவில்லை. எஞ்சின் சுற்று மாறும்போது சத்தமும் மாறினால் எஞ்சினோ எக்ஸாஸ்ட்டோ. சமமான, ஆளில்லாத சாலையில் ஒரே வேகத்தில் போய், கிளட்சை மிதித்து ஆக்ஸிலேட்டரை விடுங்கள், சுற்று குறைந்தும் சத்தம் அப்படியே இருந்தால் டயர். புதுத் தார்ச் சாலையில் அடங்கிப் பழைய சாலையில் கத்தினால் சந்தேகமே வேண்டாம். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் வருகிறதென்றால் காற்று.

எங்கள் பக்கத்துச் சாலைகளில் டயர்தான் பெரும்பாலும் முதல் குற்றவாளி. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடி ஓடித் தார் போய்க் கல் மட்டும் துருத்திக்கொண்டிருக்கும் சாலையில், மெலிந்த பக்கச் சுவருள்ள அகல டயர் ஒவ்வொரு கல்லையும் பெயர் சொல்லிக் கூப்பிடும். கெட்டி புஷ்ஷும் இறுகிய அப்சோபரும் அதைக் கேபினுக்குள் கொண்டுவந்து கொடுக்கும். ரப்பர் புஷ் சும்மா இருக்கும் பொருள் இல்லை, சத்தத்தை வடிகட்டும் வேலையை இருபது வருடம் பார்த்தது அதுதான். இந்த வகைச் சத்தத்துக்கு ஷீட் ஒட்ட நல்ல இடம் சக்கர வளைவின் உட்புறம், பிறகு பின் சீட்டுக்கு அடியில் உள்ள தரை. அப்புறம் கூரை. கூரையில் ஒட்டியதன் பலனை அடுத்த மழையிலேயே கேட்கலாம். நான் பார்த்தவரை கொடுத்த காசுக்கு மனநிறைவு தரும் இடம் அதுதான்.

மலிவு ஷீட்டைப் பற்றி என் சொந்தக் கதை ஒன்று. பல வருடங்களுக்கு முன் என் கஞ்சிலின் கதவுகளில் ஒரு கடையில் தார் ஷீட் ஒட்டிக்கொடுத்தார்கள், "அதே பொருள்தான் அண்ணே" என்று. மதிய வெயிலில் நின்ற காடியைத் திறந்தால் புதுச் சாலை போட்ட வாசனை. நாலாவது மாதம் ஒரு துண்டு இளகிக் கீழே சரிந்து, கதவுக் கண்ணாடி இறங்கும் பாதையில் ஒட்டிக்கொண்டது. கண்ணாடி பாதியில் நின்றது, அன்றைக்கென்று மழை. தொழிற்சாலையிலும் காடித் தரையில் தார்ப் பட்டைதான் போடுகிறார்கள், ஆனால் சூட்டில் உருக்கித் தகட்டோடு பிடிக்கவைத்த பட்டை அது. செங்குத்தான கதவில் வெறுமனே ஒட்டினால் நம் வெயில் விடாது.

மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். கதவின் வெளித்தகட்டுக்கு உள்ளே தண்ணீர் இறங்கத்தான் செய்யும். அது வெளியேறக் கதவின் அடியில் சிறு துளைகள் இருக்கும். அவற்றை ஷீட்டால் மூடினால் கதவு தண்ணீர்த் தொட்டியாகித் துருப்பிடிக்கும். தரையில் ஈரம் இருக்கும்போது ஒட்டினாலும் அதே கதி, கீழே துரு வளர்வது மேலே தெரியாது. பஞ்சும் திறந்த துளை ஃபோமும் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெள்ளத்தில் ஒருமுறை மாட்டிய காடியில் அவை இருந்தால் வாசனை போகவே போகாது.

தம்பி கடைசியில் நடு சைலன்சரைப் போட்டான், முணுமுணுத்துக்கொண்டேதான். முன் தடுப்பில் மூன்று ஓட்டைக்கு ரப்பர் வளையம், நாலு கதவுக்கும் புது ரப்பர். டயர் தேய்ந்ததும் பக்கச் சுவர் சற்று உயரமான அளவுக்கு மாறினான். மிச்சமிருந்த அரைப் பெட்டி ஷீட் கூரைக்குப் போனது. கெட்டி புஷ்ஷை மட்டும் மாற்ற மறுத்துவிட்டான், வளைவில் அது தரும் பிடிப்பை விட மனமில்லை.

போன மாதம் தைப்பிங்கில் ஒரு கல்யாணம். போகும்போது அம்மா பின் சீட்டில் தூங்கிவிட்டார். திரும்பும்போது முழித்துக்கொண்டு வந்தவர், "டேய், முன்னால என்னமோ கிர்ருகிர்ருங்குதே" என்றார். உறுமி ஓய்ந்தால் ஜாலரா கேட்கும். பெரிய சத்தம் போனபின் அதன் அடியில் ஒளிந்திருந்தவை ஒவ்வொன்றாய் வெளியே வருவது இந்த வேலையில் வழக்கம்தான். தம்பி காடியை ஓரம்கட்டி, கையுறைப் பெட்டி, ஏர்கான் ஜன்னல் என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். டாஷ்போர்டில் ஒட்டியிருந்த முருகன் சிலையின் வேல்தான் கண்ணாடியில் உரசிக்கொண்டிருந்தது. பழைய கம்பளத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி நடுவில் வைத்தான்.